லேபிளில் இருப்பதை அப்படியே அடித்தால் போதாதா? ஆர்எக்ஸ்நாவில் மருந்து தேடுவது பற்றிய இழை

2025 பிப்ரவரி 3 | கார்முகில்

வெவ்வேறு மருத்துவமனைகளிலிருந்து வந்த மருந்துப் பட்டியல்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் தரப்பட்டிருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ஆர்எக்ஸ்நார்ம் தரவுத்தளத்தை, அதன் உலாவியான ஆர்எக்ஸ்நாவ் வழியாகப் பயன்படுத்தச் சொன்னார்கள். பட்டியலில் லெவோதைராக்சின் 50 எம்சிஜி (மைக்ரோகிராம்) மாத்திரை இருக்கிறது. அந்த மருந்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 50 என்ற எண்ணையே காணோம். மிக அதிகமாக எழுதிக்கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றுக்கே இந்த நிலை என்றால், தரவுத்தளத்தில் ஓட்டைகள் நிறைய இருக்கின்றன என்பதே என் முடிவு. லேபிளில் உள்ள வரியை அப்படியே தேடல் பெட்டியில் இட்டால் விடை வர வேண்டும். அதற்கு மேல் கற்றுக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?

2025 பிப்ரவரி 3 | ஏட்டுச்சுரைக்காய்

மருந்து அங்கேதான் இருக்கிறது, 0.05 எம்ஜி என்ற பெயரில். ஆர்எக்ஸ்நார்மில் எடை அளவுகள் எல்லாம் மில்லிகிராமில்தான் எழுதப்படும். ஆகவே 50 மைக்ரோகிராம் என்பது "லெவோதைராக்சின் சோடியம் 0.05 எம்ஜி ஓரல் டேப்லெட்" என்று நிற்கிறது. 25 மைக்ரோகிராம் 0.025 ஆகும். பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.

2025 பிப்ரவரி 4 | ஏட்டுச்சுரைக்காய்

நேற்று அவசரமாக எழுதியதைச் சற்று விரிக்கிறேன். இந்தத் தரவுத்தளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உண்மையான தடை தேடல் பெட்டி அல்ல, பெயர் கட்டப்படும் முறை. ஒவ்வொரு மருந்துப் பெயரும் மூன்று துண்டுகளால் ஆனது: மூலப்பொருள், அதன் அளவு, மருந்தின் வடிவம். "அசெட்டமினோஃபென் 500 எம்ஜி ஓரல் டேப்லெட்" என்பது முழுப் பெயர். வணிகப் பெயர் இருந்தால் அது கடைசியில் சதுர அடைப்புக்குள் வரும்: "அசெட்டமினோஃபென் 500 எம்ஜி ஓரல் டேப்லெட் [டைலெனால்]". இந்த மூன்று துண்டுகளில் அளவையோ வடிவத்தையோ இரண்டையுமோ எடுத்துவிட்டால் கிடைப்பதும் தனியொரு கருத்தாக, அதாவது தனி எண் கொண்ட பதிவாக, தரவுத்தளத்தில் இருக்கிறது. அசெட்டமினோஃபென் என்ற மூலப்பொருளுக்கு 161 என்ற எண். அளவை விட்டுவிட்டு "அசெட்டமினோஃபென் ஓரல் டேப்லெட்" என்றால் வேறொரு எண். வடிவத்தை விட்டுவிட்டு "அசெட்டமினோஃபென் 500 எம்ஜி" என்றால் இன்னொரு எண். இந்த எண்களைத்தான் ஆர்எக்ஸ்சியூஐ என்கிறார்கள்.

ஆகவே நான் கையாளும் வழி இது. முழு வரியைப் பெட்டியில் கொட்டுவதில்லை. மூலப்பொருளின் பெயரை மட்டும் இடுவேன். திரையில் பெட்டி பெட்டியாக விரிவதில் ஒருபுறம் மூலப்பொருளும் வணிகப் பெயர்களும், மறுபுறம் அளவோடும் வடிவத்தோடும் முழுமையான மருந்துகளும் நிற்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கி இறங்குவேன். எதைச் சொடுக்கினாலும் அது நடுநாயகமாகி, மற்றப் பெட்டிகள் எல்லாம் அதற்கேற்ப மாறிவிடும். முதலில் தலைசுற்றும், பிறகு அதுவே வசதியாகிவிடும்.

2025 பிப்ரவரி 4 | கார்முகில்

0.05 கிடைத்துவிட்டது. ஆனால் 0.05 என்று எழுதுவதுதான் ஆபத்து என்று மருந்தாளுநர்கள் சொல்வார்களே? புள்ளி தவறினால் அளவு எங்கோ போய்விடுமே?

2025 பிப்ரவரி 4 | ஏட்டுச்சுரைக்காய்

சரியான கேள்வி. அதற்காகவே சில மருந்துகளுக்கு, எழுதிக்கொடுப்பதற்கென்று தனியொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். லெவோதைராக்சினுக்கு அந்தப் பெயரில் 50 எம்சிஜி என்றே இருக்கும். இயந்திரம் ஒப்பிடுவதற்கு ஒரு பெயர், மனிதர் படிப்பதற்கு ஒரு பெயர், இரண்டுக்கும் ஒரே எண். அந்த மருந்தின் பண்புகள் உள்ள தாவலைத் திறந்தால் தெரியும். நீங்கள் திரையில் யாருக்கேனும் காட்டப்போகும் பட்டியல் என்றால் இரண்டாவது பெயரையே காட்டுங்கள்.

2025 பிப்ரவரி 9 | ஏட்டுச்சுரைக்காய்

அளவுகளைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே இருக்கின்றன.

குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் திரவ மருந்தின் புட்டியில் "5 மில்லியில் 250 மில்லிகிராம்" என்று இருக்கும். ஆர்எக்ஸ்நார்மில் 250 என்று தேடினால் கேப்ஸ்யூல் முன்னால் வந்து நிற்கும். திரவ மருந்து "அமாக்ஸிசிலின் 50 எம்ஜி/எம்எல் ஓரல் சஸ்பென்ஷன்" என்ற பெயரில் இருக்கிறது, ஏனெனில் திரவம் என்றால் ஒரு மில்லிக்கு எவ்வளவு என்றுதான் கணக்கு. அதேபோல, 5 மில்லியில் 160 மில்லிகிராம் கொண்ட அசெட்டமினோஃபென் 32 எம்ஜி/எம்எல் ஆகிவிடும். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. 250 என்ற எண் கேப்ஸ்யூலில் கண்ணெதிரே கிடைப்பதால், அவசரத்தில் வேலை செய்கிறவர் அதையே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எதுவும் கிடைக்காவிட்டால் மனிதர் நின்று யோசிப்பார். அரைகுறையாகப் பொருந்தும் ஒன்று கிடைத்தால் யோசிக்க மாட்டார்.

தோலில் பூசும் மருந்துகள் இதைவிடச் சுவையானவை. ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு சதவீதக் க்ரீம் என்று குழாயில் அச்சிட்டிருக்கும். சதவீதக் குறியைப் பெயரில் தேடிப் பயனில்லை. ஒரு சதவீதம் என்பது நூறு கிராமில் ஒரு கிராம், அதாவது ஒரு கிராமில் பத்து மில்லிகிராம். க்ரீமை ஆர்எக்ஸ்நார்ம் மில்லிக் கணக்கில் வைப்பதால் பெயர் "ஹைட்ரோகார்ட்டிசோன் 10 எம்ஜி/எம்எல் டாபிகல் க்ரீம்" என்று வருகிறது. அதே ஒரு சதவீதம் களிம்பாக இருந்தால், எடைக்கு எடை என்ற கணக்கில் "0.01 எம்ஜி/எம்ஜி டாபிகல் ஆயின்ட்மென்ட்" ஆகிவிடுகிறது. லேபிளில் ஒரே எண், தரவுத்தளத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசப்படுவதுபோல் தோன்றும் இரண்டு எண்கள். பார்க்கும்போது ஒன்று தவறு என்றே மனம் சொல்லும். இரண்டுமே சரி. ஜெல்லும் களிம்பின் கட்சிதான்.

இன்சுலின் போன்றவற்றுக்கு மில்லிகிராம் இல்லை, யூனிட்தான். அதை "யூஎன்டி" என்ற மூன்றெழுத்தில் எழுதியிருப்பார்கள்: "இன்சுலின் கிளார்ஜின் 100 யூஎன்டி/எம்எல்". யூனிட்டைக் கையெழுத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியம்போல் தெரிந்து, பத்து மடங்கு மருந்து ஏறிவிடும் அபாயம் உலகறிந்தது. தேடும்போது நீங்களும் ஒற்றை எழுத்தை இடாதீர்கள்.

2025 பிப்ரவரி 10 | வழிப்போக்கன்

அப்படியானால் எல்லா அளவுகளையும் மில்லிகிராமாகவும் மில்லியாகவும் மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிட்டு, மூலப்பொருள், அளவு, வடிவம் மூன்றையும் ஒட்டித் தேடினால் வேலை முடிந்ததே. உலாவுவதெல்லாம் எதற்கு?

2025 பிப்ரவரி 10 | ஏட்டுச்சுரைக்காய்

பாதி வேலை முடியும். மீதியை, மூலப்பொருளோடு வேதியியலாகச் சேர்ந்துவரும் உப்புகள் கெடுக்கும்.

மெட்ஃபார்மின் மாத்திரையில் 500 என்பது மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடின் எடை. ஆகவே பெயரிலும் ஹைட்ரோகுளோரைடு வருகிறது. அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைக்குள் இருப்பது கால்சியம் உப்பு, ஆனால் 10 என்ற அளவு உப்பை நீக்கிய அட்டோர்வாஸ்டாட்டினுக்கானது. ஆகவே பெயரில் கால்சியம் இல்லை. எந்த எடைக்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறதோ அந்தப் பெயரே உள்ளே வரும் என்பது விதி. உங்கள் நிரலுக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒருமுறை மனிதக் கண் பார்த்தாக வேண்டும்.

2025 பிப்ரவரி 10 | வழிப்போக்கன்

உப்பை வெட்டி எறிந்துவிட்டு மூலப்பொருள் அளவிலேயே ஒப்பிட்டுவிடலாமே.

2025 பிப்ரவரி 11 | ஏட்டுச்சுரைக்காய்

ஒரே மருந்தை நோயாளி இரண்டு பெயர்களில் சாப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டுமானால் அது நல்ல வழி. ஃபினாஸ்டெரைடு 5 எம்ஜி ப்ரோஸ்கார் என்ற பெயரில் புராஸ்டேட் வீக்கத்துக்கு வருகிறது, 1 எம்ஜி ப்ரோபீஷியா என்ற பெயரில் தலைமுடிக்கு வருகிறது. இரண்டு மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதியிருக்கலாம், நோயாளியும் முடி விஷயத்தைச் சிறுநீரியல் மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு வணிகப் பெயர்களையும் தனித்தனியே தேடினால் மூலப்பொருள் பெட்டியில் ஒரே பெயர் வந்து நிற்கும்.

ஆனால் ஒரு மருந்துக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு மூலப்பொருள் மட்டம் உதவாது. மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் உடனே கரையும் மாத்திரை. மெட்டோப்ரோலால் சக்சினேட் நாள் முழுதும் மெல்லக் கரைவது. அதன் பெயரே "24 எச்ஆர்" என்று தொடங்கும். மூலப்பொருள் மட்டத்தில் இரண்டும் வெறும் மெட்டோப்ரோலால். உப்பை வெட்டி எறிந்தால் இந்த வேற்றுமையும் அதோடு போய்விடும். இதற்கென்றே தரவுத்தளத்தில் மூலப்பொருளுக்கு அடுத்தபடியாக, உப்போடு கூடிய துல்லிய மூலப்பொருள் என்று ஒரு படிநிலை இருக்கிறது.

மெல்லக் கரையும் மெட்ஃபார்மினைத் திறந்து பார்த்தால் இதன் முழு வீச்சு தெரியும். குளுக்கோஃபேஜ் எக்ஸ்ஆர், ஃபோர்ட்டாமெட், குளுமெட்சா ஆகிய மூன்றும் மெட்ஃபார்மின்தான், மூன்றும் 24 மணிநேர மாத்திரைகள்தான், ஆனால் மருந்தை வெளிவிடும் முறை மூன்றிலும் வேறு. அதனால் அவற்றைத் தனித்தனிக் கருத்துகளாகவே வைத்திருக்கிறார்கள். மூன்று துண்டுகளால் ஆனது பெயர் என்று 4ஆம் தேதி எழுதியதை இத்தகைய மருந்துகளுக்கு நான்கு துண்டு என்று படித்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரி 11 | ஏட்டுச்சுரைக்காய்

விட்டுப்போன ஒன்று. கூட்டு மருந்துகளில் மூலப்பொருள்கள் ஆங்கில அகரவரிசைப்படியே நிற்கும். எல்லோரும் ஹைட்ரோகோடோன், அசெட்டமினோஃபென் என்ற வரிசையில்தான் பேசுவார்கள், பட்டியலிலும் "5/325" என்றே வரும். தரவுத்தளத்தில் "அசெட்டமினோஃபென் 325 எம்ஜி / ஹைட்ரோகோடோன் பைடார்ட்ரேட் 5 எம்ஜி". வழிப்போக்கனின் நிரல் எண்களையும் இடம் மாற்றிப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2025 பிப்ரவரி 18 | கார்முகில்

ஒரு பட்டியலில் மருந்தின் பெயர்களே இல்லை, என்டிசி எண்கள் (அமெரிக்க தேசிய மருந்துக் குறியீடுகள்) மட்டும் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு விடை வருகிறது, பாதிக்கு வரவில்லை.

2025 பிப்ரவரி 18 | ஏட்டுச்சுரைக்காய்

வராத எண்களில் பத்து இலக்கங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

2025 பிப்ரவரி 18 | கார்முகில்

ஆம், பத்துதான். கோடுகளும் இல்லை. முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்துவிடட்டுமா?

2025 பிப்ரவரி 19 | ஏட்டுச்சுரைக்காய்

கூடாது. என்டிசி என்பது மூன்று பகுதிகளைக் கொண்டது: விற்பனைக்கு விடும் நிறுவனம், மருந்து, பொதி. லேபிளில் இது பத்து இலக்கமாக, 4-4-2, 5-3-2, 5-4-1 என்ற மூன்று அமைப்புகளில் ஒன்றில் இருக்கும். ஆர்எக்ஸ்நார்மிலோ காப்பீட்டுக் கணக்குகளில் உள்ளதுபோல் 5-4-2 என்ற பதினொரு இலக்க அமைப்பு, கோடுகள் இல்லாமல். எந்தப் பகுதியில் இலக்கம் குறைகிறதோ அந்தப் பகுதியின் முன்னால்தான் சுழியம் சேர வேண்டும்.

1234567890 என்று விளையாட்டுக்கு ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 1234-5678-90 ஆக இருந்தால் 01234567890 ஆகும். 12345-678-90 ஆக இருந்தால் 12345067890. 12345-6789-0 ஆக இருந்தால் 12345678900. கோடுகளை யாரோ புண்ணியவான் அழித்துவிட்ட பிறகு, இந்த மூன்றில் எது என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றையும் தேடிப் பார்க்கலாம், ஒன்று மட்டும் கிடைத்தால் அதை ஏற்கலாம் என்று தோன்றும். கிடைத்த மருந்து பட்டியலின் மற்ற விவரங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாராமல் நான் அதை ஏற்க மாட்டேன். கோடுகளோடு உள்ள மூலக்கோப்பு அனுப்பியவரிடம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குவதே உத்தமம்.

கூடுதலாக ஒன்று. 30 மாத்திரைப் புட்டிக்கும் 100 மாத்திரைப் புட்டிக்கும் வெவ்வேறு என்டிசி உண்டு, ஆனால் ஆர்எக்ஸ்நார்மில் இரண்டும் ஒரே மருந்து. பொதியின் அளவு உங்களுக்குத் தேவையென்றால், எண்ணை மாற்றிய பிறகு பழைய என்டிசியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

2025 மார்ச் 2 | வழிப்போக்கன்

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்க ஒரு வசதி ஆர்எக்ஸ்நாவில் இருந்ததாகப் படித்தேன். தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது.

2025 மார்ச் 2 | ஏட்டுச்சுரைக்காய்

2024 ஜனவரி 2ஆம் தேதி அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். பழைய கட்டுரைகளும் பயிற்சிக் குறிப்புகளும் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

2025 மார்ச் 3 | கார்முகில்

அடுத்த வேலை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்து உட்கொள்பவர்கள் எல்லோரையும் பட்டியலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வகைகளுக்கென்று ஆர்எக்ஸ்கிளாஸ் என்று ஒன்று இருப்பதைக் கண்டேன். அதில் சி10ஏஏ என்ற வகையில் இருப்பவற்றை எடுத்துக்கொண்டால் முடிந்தது அல்லவா?

2025 மார்ச் 4 | ஏட்டுச்சுரைக்காய்

முடியாது. சி10ஏஏ என்பது ஏடிசி வகைப்பாட்டில் தனி ஸ்டாட்டின்களுக்கான இடம். அட்டோர்வாஸ்டாட்டினும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை சி10பிஎக்ஸ்03. சிம்வாஸ்டாட்டினும் எஸெட்டிமைபும் சேர்ந்தது சி10பிஏ02. அந்தக் குறியீட்டில் நேராக வரும் உறுப்பினர்களோடு நின்றுவிட்டால் கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தப்பிவிடுவார்கள். நான் செய்வது வேறு: சி10ஏஏவிலிருந்து மூலப்பொருள்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆர்எக்ஸ்நாவுக்குத் திரும்புவேன். அங்கே ஒவ்வொரு மூலப்பொருளும் எந்தெந்தக் கூட்டு மருந்துகளில் இருக்கிறது என்று அதன் பக்கமே காட்டிவிடும். பெயர்கள் நிறைய இருந்தால் ஆர்எக்ஸ்மிக்ஸ் என்ற கருவியில் இந்தப் படிகளைக் கோத்து மொத்தமாக ஓட்டலாம்.

ஆர்எக்ஸ்கிளாஸுக்குள் நுழையும்போது மனத்தில் கொள்ள வேண்டியது, அது ஒரே மரம் அல்ல, பல மரங்கள் நிற்கும் தோப்பு. ஏடிசி உலக சுகாதார அமைப்பின் ஆஸ்லோ மையம் பராமரிப்பது. செயல்முறை, உடலியல் விளைவு, எந்த நோய்க்குக் கொடுக்கலாம் என்பன போன்றவை வேறு மூலங்களிலிருந்து வருகின்றன. ஆஸ்பிரினை இட்டுப் பாருங்கள். ஏடிசியில் மட்டுமே அது ரத்தத்தட்டுகளுக்கு எதிரான மருந்தாக பி01ஏசி06, வலிநிவாரணியாக என்02பிஏ01, வாய்க்கான மருந்தாக ஏ01ஏடி05 என்று மூன்று இடங்களில் இருக்கிறது. நோயாளி எதற்காகச் சாப்பிடுகிறார் என்று மூலப்பொருளின் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 81 எம்ஜி மாத்திரை என்றால் அநேகமாக இதயத்துக்காக என்று ஊகிக்கலாம், ஆனால் அந்த ஊகம் நம்முடையது, தரவுத்தளம் அப்படிச் சொல்லவில்லை.

2025 மார்ச் 9 | வழிப்போக்கன்

பாராசிட்டமால் என்று இட்டாலும் அசெட்டமினோஃபெனுக்கே போகிறது, சால்பியூட்டமால் என்றால் ஆல்பியூட்டரால். வேறு நாட்டுப் பட்டியல்களையும் தயங்காமல் இதில் இடலாம் என்று தெரிகிறது.

2025 மார்ச் 9 | ஏட்டுச்சுரைக்காய்

மூலப்பொருள் பெயர்களுக்குப் பெரும்பாலும் சரி. அமெரிக்கப் பெயரே முதன்மையாக இருந்தாலும் ஏடிசி போன்ற மூலங்களிலிருந்து வந்த பெயர்களும் அதே எண்ணின் கீழ் இருக்கின்றன.

வணிகப் பெயர்களுக்கு அந்தத் தைரியம் வேண்டாம். ஆர்எக்ஸ்நார்ம் அமெரிக்கச் சந்தையின் மருந்துகளுக்கானது. பெனட்ரில் என்றால் அங்கே டைஃபென்ஹைட்ரமின். பிரிட்டனில் ஒவ்வாமைக்காக அதே பெயரில் விற்பவற்றில் செட்டிரிசினும் அக்ரிவாஸ்டினும் இருக்கின்றன. தேடினால் பிழைச்செய்தி வராது, ஐயமே இல்லாமல் டைஃபென்ஹைட்ரமினைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒன்று நன்றாகத் தூங்கவைக்கும், மற்றவை அவ்வளவாகச் செய்யாதவை. வண்டி ஓட்டும் நோயாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

2025 மார்ச் 10 | ஏட்டுச்சுரைக்காய்

எழுத்துப்பிழை பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பிழையாக இட்டால் நெருங்கிய பெயர்களை ஆர்எக்ஸ்நாவே முன்வைக்கும். நல்ல வசதிதான், ஆனால் ஹைட்ராக்ஸிசின், ஹைட்ராலசின் போன்ற இரட்டையர்களிடம் கவனம் தேவை. முன்னது அரிப்புக்கும் பதற்றத்துக்கும், பின்னது ரத்த அழுத்தத்துக்கு. இவை குழம்பக் கூடாது என்பதற்காகவே, வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் பெயர்வடிவமும் தரவுத்தளத்தில் உண்டு. மொத்தமாக ஓட்டும்போது, தோராயப் பொருத்தத்தில் வந்த எதையும் நான் தனித்தாளில் பிரித்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்த பிறகே சேர்ப்பேன்.

2025 ஏப்ரல் 8 | கார்முகில்

போன மாதம் சேமித்துவைத்த சில எண்கள் இப்போது வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. ஒன்று வழக்கொழிந்தது என்கிறது.

2025 ஏப்ரல் 8 | ஏட்டுச்சுரைக்காய்

அது இயல்பு. ஒவ்வொரு மாதமும் முழு வெளியீடு வருகிறது, இடையில் வாரந்தோறும் புதிய மருந்துகள் சேர்கின்றன. ஒரே மருந்துக்கு இரண்டு எண்கள் இருப்பது தெரியவந்தால் ஒன்றை மற்றொன்றோடு இணைத்துவிடுவார்கள். அதுதான் நீங்கள் பார்க்கும் திருப்பிவிடல். சந்தையிலிருந்து போன மருந்து வழக்கொழிந்தது ஆகும். எண் அழிக்கப்படுவதில்லை, பழைய எண்ணை இட்டாலும் அதற்கு என்ன ஆனது என்று நிலையைக் காட்டும் பகுதி சொல்லும்.

வழக்கொழிந்ததைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். மருந்து கடைக்கு வருவது நின்றிருக்கலாம், நோயாளி அதைச் சாப்பிட்ட வரலாறு அப்படியேதான் இருக்கிறது. திருப்பிவிடப்பட்டதற்குப் புதிய எண்ணை அடுத்த நெடுவரிசையில் எழுதுங்கள், பழையதன்மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் எந்தத் தேதியின் வெளியீட்டில் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

2025 ஏப்ரல் 9 | கார்முகில்

கருத்தடை மாத்திரைகளின் பெயரில் சுருள் அடைப்புக்குறிகளாக வருகின்றன. அவற்றையும் துண்டு துண்டாகப் பிரிப்பதா?

2025 ஏப்ரல் 9 | ஏட்டுச்சுரைக்காய்

பிரிக்காதீர்கள், அது ஒரே பொதி. சுருள் அடைப்புக்குள் இன்ன மாத்திரை 21, மருந்தில்லாத மாத்திரை 7 என்பதுபோல் எண்ணிக்கையோடு உள்ளடக்கம் எழுதப்பட்டு, கடைசியில் "பேக்" என்று முடியும். பொதிக்கென்று தனி எண் இருக்கிறது, பட்டியலில் அதையே இடுங்கள். உள்ளே இருக்கும் ஹார்மோன் எதுவென்று தெரிய வேண்டுமானால் அந்தப் பொதியைச் சொடுக்கினால் போதும், மூலப்பொருள் பெட்டியில் வந்துவிடும்.